படிக்கும் ஊரில் ஓட்டு

அமெரிக்காவில் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்ப்பது பெரும்பாலும் குடிமக்களின் சொந்தப் பொறுப்பு. இந்தியாவில் வாக்குச்சாவடி நிலை அலுவலர் வீடு தேடி வருவதுபோல் அங்கே யாரும் வருவதில்லை. நாடு முழுவதற்கும் தேர்தலை நடத்தித் தரும் ஒற்றை ஆணையமும் கிடையாது. 50 மாநிலங்களும் தத்தம் சட்டப்படி தேர்தல் நடத்துகின்றன. பெரும்பாலான மாநிலங்களில் கவுன்ட்டி எனப்படும் மாவட்ட நிர்வாகங்கள் பட்டியலைப் பார்த்துக்கொள்கின்றன. வடக்கு டகோட்டாவில் முன்பதிவு என்ற ஏற்பாடே இல்லை. மின்னசோட்டாவிலும் விஸ்கான்சினிலும் தேர்தலன்று சாவடிக்குப் போய் அங்கேயே பெயர் சேர்த்து ஓட்டுப் போடலாம். டெக்சஸில் தேர்தலுக்கு 30 நாள் முன்பே கதவை அடைத்துவிடுவார்கள்.

இந்தக் குழப்பம் எல்லோருக்கும் உண்டு. ஆனால் அதிகம் சிக்கித் தவிப்பவர்கள் கல்லூரி மாணவர்கள். பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் வகுப்புகள் ஆகஸ்டு கடைசியில் தொடங்கும். பொதுத்தேர்தல் நவம்பர் மாதத்தின் முதல் திங்கட்கிழமையை அடுத்த செவ்வாயன்று நடக்கும். 30 நாள் கெடு உள்ள மாநிலத்தில் அக்டோபர் தொடக்கத்திலேயே பதிவு முடிந்துவிடும். ஆக, முதலாமாண்டு மாணவருக்குக் கிடைப்பது ஐந்தாறு வாரம். புது ஊர், புது அறை, முதல் தேர்வு என்று திணறும் அந்த வாரங்களில்தான் அவர் தம் வாழ்வின் முதல் ஓட்டுக்கான காகித வேலையையும் முடிக்க வேண்டும். பெற்றோர் இருக்கும் ஊரில் ஓட்டா, படிக்கும் ஊரில் ஓட்டா என்பதையும் அதற்குள் தீர்மானித்தாக வேண்டும். அடுத்த ஆண்டு விடுதி மாறினால் முகவரி மாறும். முகவரி மாறினால் பதிவையும் திருத்த வேண்டும்.

இளைஞர்கள் ஓட்டுப் போடுவதில்லை என்று ஒவ்வொரு தேர்தலுக்குப் பிறகும் குறை சொல்லப்படுகிறது. அக்கறையின்மையே காரணம் என்ற முடிவுக்கு வந்துவிடுவதும் எளிது. ஆனால் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் கடந்த அரை நூற்றாண்டு அனுபவத்தைப் பார்த்தால் அந்த முடிவு நிலைக்காது. பதிவும் சாவடியும் எட்டும் தொலைவில் இருந்த இடங்களில் மாணவர்கள் ஓட்டுப் போட்டிருக்கிறார்கள். எட்டாதபடி செய்யப்பட்ட இடங்களிலும் கிலோமீட்டர் கணக்கில் நடந்துபோய்ப் போட்டிருக்கிறார்கள்.

ஓட்டில்லாத மாணவர்கள் பிறருக்கு ஓட்டு வாங்கித் தந்த காலம் ஒன்று உண்டு. 1960 ஏப்ரலில் வடக்கு கரோலைனாவின் ராலே நகரிலுள்ள ஷா பல்கலைக்கழகத்தில் கூடிய மாணவர்கள், வன்முறையற்ற மாணவர் ஒருங்கிணைப்புக் குழுவைத் தொடங்கினார்கள். உணவகங்களில் நிறவெறிக்கு எதிராக உட்கார்ந்து போராடியவர்கள் அவர்கள். அடுத்த சில ஆண்டுகளில் தென்மாநிலக் கிராமங்களுக்குப் போய்க் கறுப்பின மக்களை வாக்காளராகப் பதிவு செய்யும் வேலையில் இறங்கினார்கள். மிசிசிப்பியில் அப்போது வாக்களிக்கும் வயதுள்ள கறுப்பினத்தவரில் நூற்றுக்கு ஏழு பேர்கூடப் பட்டியலில் இல்லை. 1964 கோடை விடுமுறையில் வடக்கிலிருந்து நூற்றுக்கணக்கான கல்லூரி மாணவர்கள் அந்த மாநிலத்துக்குத் தொண்டர்களாக வந்தார்கள். ஜூன் 21ஆம் தேதி ஜேம்ஸ் சேனி, மைக்கேல் ஷ்வெர்னர், ஆண்ட்ரூ குட்மன் ஆகிய மூவரை நிறவெறியர்கள் கொன்றார்கள். நியூயார்க் குவீன்ஸ் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த குட்மனுக்கு 20 வயது. வாக்களிக்கும் வயது அன்று 21. தமக்கே இல்லாத ஓர் உரிமையைப் பிறருக்குப் பெற்றுத்தரப் போன இடத்தில் உயிர்விட்ட மாணவர் அவர். அவர் குடும்பம் நிறுவிய அறக்கட்டளை இன்று கல்லூரி வளாகங்களில் வாக்காளர் பதிவுப் பணிக்கு உதவி வருகிறது. அந்தக் கொலைகளுக்கு அடுத்த ஆண்டு, 1965 ஆகஸ்டில், வாக்களிப்பில் நிறவெறியைத் தடைசெய்யும் வாக்குரிமைச் சட்டம் வந்தது.

வயதை 18 ஆகக் குறைக்கும் கோரிக்கை அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. இரண்டாம் உலகப் போரின்போது, 1942இல், கட்டாய ராணுவச் சேர்க்கைக்கான வயது 18 ஆக்கப்பட்டது. போருக்கு அனுப்பத் தகுந்த வயது ஓட்டுக்கு மட்டும் தகாதா என்ற கேள்வி அப்போதே எழுந்தது. மேற்கு வர்ஜீனியாவின் பிரதிநிதி ஜென்னிங்ஸ் ராண்டால்ஃப் அந்த ஆண்டே அரசியலமைப்புத் திருத்தத்தை முன்மொழிந்தார். நிறைவேறவில்லை என்றாலும் அவர் விடவில்லை, திரும்பத் திரும்பக் கொண்டுவந்தார். ஜார்ஜியா 1943இலும் கென்டக்கி 1955இலும் தங்கள் மாநில அளவில் வயதைக் குறைத்தன. வியட்நாம் போர் அந்தப் பழைய கேள்வியை வீதிக்குக் கொண்டுவந்தது. 1970இல் நாடாளுமன்றம் சாதாரணச் சட்டத்தின் மூலமாகவே வயதைக் குறைத்தது. கூட்டாட்சித் தேர்தல்களுக்கு அது செல்லும், மாநிலத் தேர்தல்களுக்குச் செல்லாது என்று அந்த ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரே நாளில் ஒரே சாவடியில் குடியரசுத் தலைவருக்கு ஓட்டுப் போட ஒரு பட்டியல், ஆளுநருக்கு ஓட்டுப் போட இன்னொரு பட்டியல் என்று வைத்துக்கொள்ள எந்த மாநிலமும் விரும்பவில்லை. அதனால் 26ஆவது அரசியலமைப்புத் திருத்தம் மின்னல் வேகத்தில் வந்தது. 1971 மார்ச்சில் செனட்டில் 94–0, கீழவையில் 401–19 என்ற வாக்குகளில் நிறைவேறிய திருத்தத்தைப் போதுமான மாநிலங்கள் ஜூலை 1ஆம் தேதிக்குள் ஏற்றுக்கொண்டன. அமெரிக்க வரலாற்றில் வேறெந்தத் திருத்தமும் இவ்வளவு விரைவில் ஏற்கப்பட்டதில்லை.

ஒரு கோடிக்கும் மேற்பட்ட புதிய வாக்காளர்கள் உருவானார்கள். உடனே அடுத்த சிக்கலும் வந்தது. கல்லூரிகள் பலவும் சிற்றூர்களில் இருப்பவை. ஊர்க்காரர்களைவிட மாணவர்கள் எண்ணிக்கையில் மிஞ்சும் இடங்களும் உண்டு. நான்காண்டு தங்கிவிட்டுப் போகிறவர்கள் நம் ஊர் நிர்வாகத்தை முடிவு செய்வதா என்று உள்ளூர் அதிகாரிகள் முகம் சுளித்தார்கள். மாணவரின் வீடு எது என்பதே வழக்காடும் விஷயமாயிற்று.

பிரெய்ரி வியூ

அந்த வழக்கு மிகக் கடுமையாக நடந்த இடம் டெக்சஸ் மாநிலத்தின் வாலர் கவுன்ட்டி. ஹூஸ்டனுக்கு வடமேற்கே உள்ள இந்தப் பகுதியில் 1876இல் நிறுவப்பட்ட பிரெய்ரி வியூ ஏ அண்டு எம் பல்கலைக்கழகம் கறுப்பின மாணவர்களுக்காகவே தொடங்கப்பட்டது. இன்றும் பெரும்பாலும் அவர்களே படிப்பது.  1970களில் இந்தக் கவுன்ட்டியின் வரிவசூலும் வாக்காளர் பதிவும் லீராய் சிம் என்ற அதிகாரியின் கையில் இருந்தன. தமக்குப் பழக்கமில்லாத மாணவர் யாராவது பெயர் சேர்க்க வந்தால் அவர் ஒரு கேள்வித்தாளை நீட்டுவார். இங்கே சொத்து உண்டா, கார் எந்த ஊரில் பதிவானது, ஊரில் எந்தத் தேவாலயத்தில் உறுப்பினர், படிப்பு முடிந்த பிறகும் இங்கேயே இருக்கப்போகிறீரா என்றெல்லாம் அதில் கேட்டிருக்கும். மற்றவர்களிடம் இந்தக் கேள்விகள் கேட்கப்படவில்லை. சொத்தும் காரும் இல்லாத 19 வயது மாணவர் என்ன பதில் எழுதினாலும் பெயர் ஏறாது.

மத்திய நீதித்துறை வழக்குப் போட்டது. மூன்று நீதிபதிகள் அடங்கிய அமர்வு, மாணவர்களுக்கென்று தனித் தடை வைப்பது 26ஆவது திருத்தத்துக்கு விரோதம் என்றது. 1979 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. படிக்கும் ஊரையே தம் ஊராகக் கொண்டு வாழும் மாணவர், மற்றெந்தக் குடிவாசியையும் போல அங்கே பெயர் சேர்க்கலாம் என்பது அன்றிலிருந்து நாடு முழுவதற்குமான நிலை. பெற்றோரின் ஊரிலேயே பதிவை வைத்துக்கொண்டு தபாலில் ஓட்டுப் போடவும் தடையில்லை. இரண்டில் ஒன்றுதான், இரண்டு ஊரிலும் போட்டால் குற்றம்.

தீர்ப்பு வந்ததோடு வாலர் கவுன்ட்டி அடங்கிவிடவில்லை. 2004 தேர்தலையொட்டி அங்கிருந்த அரசு வழக்கறிஞர், மாணவர்களைக் குடிவாசிகளாகக் கருத முடியாது என்றும் சட்டம் மீறி ஓட்டுப் போட்டால் வழக்கு வரும் என்றும் எச்சரித்தார். கால் நூற்றாண்டுக்கு முன் முடிந்துபோன விவகாரத்தை மாணவர்கள் மறுபடியும் நீதிமன்றத்துக்கு எடுத்துப்போக வேண்டியதாயிற்று. 2008 பிப்ரவரியில், கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தலுக்கான முன்கூட்டிய வாக்குப்பதிவை நிர்வாகம் கவுன்ட்டித் தலைநகர் ஹெம்ப்ஸ்டெடில் ஒரே சாவடியில் வைத்தது. வளாகத்திலிருந்து அது ஏறக்குறைய 11 கிலோமீட்டர். மாணவர்கள் திரளாக நெடுஞ்சாலையில் நடந்தே போய் ஓட்டுப் போட்டார்கள். 2018இலும் வளாகத்துக்கு ஒதுக்கிய முன்வாக்குப்பதிவு நாள்கள் மற்ற ஊர்களைவிடக் குறைவு என்று மாணவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். இளைஞருக்கு அக்கறையில்லை என்பவர்கள் இந்த ஊரின் வரலாற்றைக் கட்டாயம் படிக்க வேண்டும்.

சட்டம் சொல்வது, நடப்பது

பல்கலைக்கழகங்கள் இந்த வேலையை வெறும் நல்லெண்ணத்தால் செய்வதாக நினைக்க வேண்டாம். 1993இல் வந்த தேசிய வாக்காளர் பதிவுச் சட்டம், ஓட்டுநர் உரிமம் வழங்கும் அலுவலகங்களிலேயே வாக்காளர் பதிவுக்கும் வழி செய்தது. உயர்கல்விச் சட்டத்தில் 1998இல் செய்த திருத்தம் கல்லூரிகளையும் இதற்குள் கொண்டுவந்தது. மாணவர் உதவிநிதிக்கு மத்திய அரசின் பணத்தைப் பெறும் நிறுவனம், பட்டப்படிப்பு மாணவர் ஒவ்வொருவருக்கும் பதிவுப் படிவம் கிடைக்க மனப்பூர்வமாக முயல வேண்டும். பதிவு முடியும் தேதிக்கு 120 நாள் முன்பே படிவங்களைக் கேட்டு மாநில அலுவலகத்துக்கு எழுத வேண்டும். முன்பதிவே இல்லாத மாநிலத்துக்கும் நெடுங்காலமாகத் தேர்தலன்றே பதிவு செய்துவந்த மாநிலங்களுக்கும் விலக்கு உண்டு. 2008இல், படிவத்தை மின்னஞ்சலில் அனுப்பினாலும் போதும் என்றாக்கினார்கள்.

அந்தச் சலுகை பல கல்லூரிகளுக்கு வசதியாகிப்போனது. செப்டம்பரில் எல்லா மாணவருக்கும் ஒரு மின்னஞ்சல் போட்டால் சட்டக் கடமை தீர்ந்தது. ஆனால் அந்த மின்னஞ்சலால் யாராவது பதிவு செய்தார்களா? எலிசபெத் பெனியன், டேவிட் நிக்கர்சன் என்ற இரு அரசியல் ஆய்வாளர்கள் இதைப் பரிசோதித்துப் பார்த்தார்கள். படிவத்தைத் தரவிறக்கும் இணைப்போடு மின்னஞ்சல் பெற்ற மாணவர்களிடையே பதிவு கூடவில்லை. சற்றுக் குறையவே செய்தது. இதற்கு ஆய்வாளர்கள் சொல்லும் காரணம் சிந்திக்கத் தக்கது. வேறு வழியில் எப்படியாவது பதிவு செய்திருக்கக்கூடிய சிலரும், இணைப்பு கையிலிருக்கிறது, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். படிவத்தை அச்செடுத்துக் கையெழுத்திட்டு உறையிலிட்டு அனுப்பும் வேலை அப்படியே நின்றுபோனது.

இதே இருவரும் 2006இல் 16 வளாகங்களில் வேறொரு முறையைச் சோதித்தார்கள். வகுப்பு தொடங்கும்போது சில நிமிடம் ஒதுக்கி, பதிவு எப்படிச் செய்வது என்று விளக்கி, படிவத்தை அங்கேயே கொடுத்து, நிரப்பச் செய்து, திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அப்படிச் செய்த வகுப்புகளில் பதிவு 6 சதவீதப் புள்ளியும் வாக்களிப்பு ஏறத்தாழ 2.6 சதவீதப் புள்ளியும் உயர்ந்தன. பேசியவர் பேராசிரியரா சக மாணவரா என்பதால் பெரிய வேறுபாடு இல்லை. ஆலன் கெர்பரும் டொனால்டு கிரீனும் 1998இல் நியூ ஹேவன் நகர வாக்காளர்களிடையே நடத்திய புகழ்பெற்ற சோதனையும் இதையொட்டிய முடிவையே தந்தது: கதவைத் தட்டி நேரில் பேசினால் வாக்களிப்பு கூடுகிறது, தொலைபேசி அழைப்பால் கூடவில்லை. முகத்தைப் பார்த்துப் பேசும் ஒருவருக்கு ஈடாக எந்தச் சுற்றறிக்கையும் இல்லை என்பதை இந்த ஆய்வுகளிலிருந்து துணிந்து சொல்லலாம்.

வளாகங்களில் எத்தனை பேர் ஓட்டுப் போட்டார்கள் என்பதே 2013 வரை யாருக்கும் சரியாகத் தெரியாமல் இருந்தது. டஃப்ட்ஸ் பல்கலைக்கழகம் அந்த ஆண்டு ஒரு தேசிய ஆய்வைத் தொடங்கியது. விரும்பிச் சேரும் கல்லூரிகளின் சேர்க்கைப் பதிவேடு, பொது ஆவணமான வாக்காளர் பட்டியலோடு ஒப்பிடப்படும். யாருக்கு ஓட்டுப் போட்டார் என்பது எவருக்கும் தெரியாது. போட்டாரா இல்லையா என்பது மட்டுமே பட்டியலில் இருக்கும். பெயர்களை நீக்கிவிட்டு மொத்தக் கணக்கை அந்தந்தக் கல்லூரிக்குத் தருவார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் இதில் சேர்ந்திருக்கின்றன. 2014 இடைக்காலத் தேர்தலில், அதாவது குடியரசுத் தலைவர் தேர்தல் இல்லாத ஆண்டில், மாணவரில் 19 சதவீதம் பேரே வாக்களித்திருந்தார்கள். 2018இல் அது 40 ஆனது. குடியரசுத் தலைவர் தேர்தல் நடந்த 2016இல் 52, 2020இல் 66. நாட்டின் தகுதியுள்ள வாக்காளர் அனைவரையும் எடுத்துக்கொண்டாலும் 2020இல் மூன்றில் இரண்டு பங்கினர்தான் வாக்களித்தார்கள். அதாவது மாணவர்கள் பெரியவர்களுக்குச் சமமாக வந்துவிட்டார்கள். அறிவியல், பொறியியல், கணிதம் படிப்பவர்கள் சமூகவியல், கல்வியியல் படிப்பவர்களைவிடக் குறைவாக வாக்களிப்பதும் இந்த ஆய்வில் தெரியவந்தது. அதன் பிறகு ஆய்வகங்களையும் பொறியியல் துறைகளையும் தேடிப் போக வேண்டும் என்று அமைப்பாளர்களுக்குப் புரிந்தது.

நல்ல வளாகங்கள் செய்வது

இல்லினாயிலுள்ள நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் புது மாணவர்கள் வந்திறங்கும் வாரத்தில், அடையாள அட்டை வாங்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே பதிவு மேசையும் போடப்படும். எல்லோரும் வந்தே ஆக வேண்டிய இடம் அது. அங்கிருக்கும் தொண்டர்கள் 50 மாநிலங்களின் விதிகளும் தெரிந்தவர்கள். ஊரில் பதிவு செய்ய விரும்புபவருக்கும் உதவுவார்கள், இங்கேயே பதிவு செய்ய விரும்புபவருக்கும் உதவுவார்கள். படிவத்தை வாங்கி உரிய அலுவலகத்துக்கு அனுப்புவதுவரை பல்கலைக்கழகமே பார்த்துக்கொள்ளும். வேறு பல கல்லூரிகள், மாணவர் பாடங்களைத் தேர்ந்தெடுக்க இணையதளத்தில் நுழையும்போதே பதிவுக்கான பக்கமும் கண்ணில் படும்படி வைக்கின்றன.

தபால் ஓட்டில் சிக்கல் வேறு வகை. முதலில் வாக்குச்சீட்டு கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். வந்தபின் நிரப்பிக் கெடுவுக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். சில மாநிலங்களில் சாட்சிக் கையெழுத்து வேண்டும். ஓக்லஹோமா போன்ற மாநிலங்களில் நோட்டரி முன் கையெழுத்திட வேண்டும். கடிதமே எழுதிப் பழகாத தலைமுறைக்கு இது சாதாரண வேலையில்லை. வர்ஜீனியாவின் ஃபேர்ஃபாக்ஸ் கவுன்ட்டியில் 2018இல் கல்லூரி மாணவர்களிடம் விசாரித்தபோது, உறையை நிரப்பியும் அனுப்பாமல் விட்டதற்குச் சிலர் சொன்ன காரணம் தபால்தலை எங்கே கிடைக்கும் என்று தெரியவில்லை என்பது. பெரியவர்கள் இதைக் கேட்டுச் சிரித்தார்கள். சிரிப்பதைவிட ஒரு தபால்தலையை வாங்கிக் கொடுப்பது பயனுள்ளது. பல நூலகங்களும் விடுதி அலுவலகங்களும் இப்போது அதைத்தான் செய்கின்றன. நோட்டரியை ஒரு மாலை நேரம் வளாகத்துக்கு வரவழைக்கும் கல்லூரிகளும் உண்டு.

மிச்சிகனில் மக்கள் வாக்கெடுப்பு மூலம் 2018இல் தேர்தலன்றே பதிவு செய்யும் உரிமை கிடைத்தது. ஆனால் அதற்கு நகர எழுத்தர் அலுவலகத்துக்குப் போக வேண்டும். ஆன் ஆர்பர் நகர எழுத்தர் 2020இல் தம் கிளை அலுவலகம் ஒன்றை மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கலை அருங்காட்சியகத்துக்குள்ளேயே திறந்தார். பதிவு, வாக்குச்சீட்டு, ஓட்டுப் பெட்டி எல்லாம் ஒரே கூடத்தில். 2022 தேர்தலன்று அங்கே நின்ற வரிசை நள்ளிரவைத் தாண்டியும் நகர்ந்துகொண்டிருந்தது. சாவடி மூடும் நேரத்துக்கு முன் வரிசையில் நின்றவர்கள் எத்தனை மணியானாலும் ஓட்டுப் போடலாம் என்பது சட்டம். இதே பல்கலைக்கழகத்தின் முயற்சியால் 2017இல் பிக் டென் விளையாட்டுக் கூட்டமைப்பின் பல்கலைக்கழகங்களுக்கிடையே வாக்களிப்புப் போட்டியும் தொடங்கியது. அமெரிக்கக் கால்பந்து மைதானத்தில் பரம எதிரிகளான மிச்சிகனும் ஒஹாயோ ஸ்டேட்டும் இதிலும் விடாமல் மோதின.

தேர்தல் நாள் செவ்வாய்க்கிழமை என்பதும் ஒரு தடை. அமெரிக்காவில் அது தேசிய விடுமுறை அல்ல. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அன்று விடுமுறை விடுவது நெடுநாள் வழக்கம். வேறு சில பல்கலைக்கழகங்களும் அண்மையில் வகுப்பில்லா நாளாக அறிவித்திருக்கின்றன. இதனால் பயனடைபவர்கள் மாணவர்கள் மட்டுமல்லர். விடுதிச் சமையலறையிலும் துப்புரவுப் பணியிலும் இருப்பவர்களுக்குத்தான் பகலில் வாக்குச்சாவடிக்குப் போய்வருவது கடினம். பல்கலைக்கழகச் சமூகம் என்று பேசும்போது இவர்களை மறந்துவிடும் நிர்வாகங்கள் அதிகம்.

அடையாள அட்டையில் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபாடு. டெக்சஸ் சட்டப்படி கைத்துப்பாக்கி உரிமத்தைக் காட்டி ஓட்டுப் போடலாம். அரசுப் பல்கலைக்கழகம் தந்த மாணவர் அட்டையைக் காட்டினால் ஏற்கமாட்டார்கள். விஸ்கான்சினில் மாணவர் அட்டை செல்லும். ஆனால் அதில் வழங்கிய தேதி, அதிலிருந்து இரண்டு ஆண்டுக்கு மேற்படாத காலாவதித் தேதி, கையெழுத்து எல்லாம் இருக்க வேண்டும். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் மேடிசன் வளாகத்தில் வழக்கமான அட்டை இதற்குப் பொருந்தாததால் பல்கலைக்கழகம் வாக்களிக்கவென்றே தனி அட்டையை இலவசமாக அச்சடித்துத் தரத் தொடங்கியது.

சாவடி எங்கே என்பதற்கான போராட்டம் பிரெய்ரி வியூவோடு நிற்கவில்லை. ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் மாணவர் மன்றக் கட்டடத்தில் முன்கூட்டிய வாக்குப்பதிவு வைக்கலாமா என்று 2014இல் கெய்ன்ஸ்வில் நகரம் கேட்டது. கூடாது என்று மாநில அரசு பதில் தந்தது. மாணவர்கள் வழக்குத் தொடுக்க, 2018இல் மத்திய நீதிபதி மார்க் வாக்கர் அந்தத் தடையை நீக்கினார். அடுத்த ஆண்டே, முன்வாக்குப்பதிவு நடக்கும் இடத்தில் அனுமதிச்சீட்டு இல்லாமல் வண்டி நிறுத்தப் போதிய இடம் வேண்டும் என்று மாநிலம் சட்டத்தில் சேர்த்தது. வளாகங்களில் அனுமதிச்சீட்டில்லாத நிறுத்துமிடம் எவ்வளவு அரிது என்பது அங்கே படித்த எவருக்கும் தெரியும். நியூயார்க் மாநிலத்தின் பார்ட் கல்லூரியோ, மாணவர்களை வளாகத்துக்கு வெளியே தொலைவிலிருந்த தேவாலயச் சாவடிக்கு அலைக்கழித்ததை எதிர்த்துப் பல ஆண்டு வழக்காடி வென்றது. 2022இல் அந்த மாநிலம், 300 அல்லது அதற்கு மேற்பட்ட வாக்காளர்கள் பதிவாகியுள்ள கல்லூரி வளாகத்திலோ கல்லூரி ஒப்புக்கொள்ளும் அருகிடத்திலோ சாவடி அமைக்கச் சட்டமே இயற்றிவிட்டது. ஒரு கல்லூரியின் பிடிவாதத்தால் மாநிலம் முழுவதிலும் உள்ள மாணவர்களுக்குக் கிடைத்த பலன் இது.

எல்லைகள்

பல்கலைக்கழகம் ஓட்டுப் போடச் சொல்லலாம். யாருக்கு என்று சொல்லக் கூடாது. வரிவிலக்குப் பெற்ற நிறுவனம் வேட்பாளரை ஆதரித்தோ எதிர்த்தோ பிரச்சாரம் செய்தால் அந்த விலக்கையே இழக்க நேரும். அதனால் பதிவு மேசையில் இருப்பவர் கட்சி அடையாளம் எதையும் அணியக் கூடாது என்றும், எந்தக் கட்சிக்காரர் வந்தாலும் ஒரேபோல் உதவ வேண்டும் என்றும் பயிற்சி தருகிறார்கள். கூட்டாட்சித் தேர்தலில் ஓட்டுப் போடுவதற்கோ பதிவு செய்வதற்கோ பணமோ பொருளோ கொடுப்பது குற்றம். ஓட்டுப் போட்டவருக்கு மட்டும் பீட்சா என்று அறிவித்தால்கூட இதில் சிக்கலாம். வருகிற எல்லோருக்கும் கொடுத்தால் தவறில்லை.

தமிழ்க் குடும்பங்கள் கவனமாகத் தெரிந்துகொள்ள வேண்டிய எல்லை இன்னொன்று. 2023–24 கல்வியாண்டில் அமெரிக்காவில் படித்த இந்திய மாணவர்கள் 3,31,602 பேர். அந்த ஆண்டு அவர்களே அயல்நாட்டு மாணவர்களில் முதலிடம். இவர்களில் மாணவர் விசாவில் இருப்பவர் யாருக்கும் அங்கே ஓட்டு இல்லை. கிரீன் கார்டு உள்ளவருக்கும் கூட்டாட்சித் தேர்தலில் இல்லை. இது தெரியாமல் சாவடிக்குப் போகிறவர்கள் அரிது. ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. ஓட்டுநர் உரிமம் எடுக்கப் போகும்போது, வாக்காளராகவும் பதிவு செய்ய வேண்டுமா என்ற கேள்வி படிவத்தில் வரும். வளாகத்தில் புன்னகையோடு ஒருவர் படிவத்தை நீட்டலாம். அவசரத்தில் குடிமகன் என்ற கட்டத்தில் குறியிட்டுக் கையெழுத்துப் போட்டால், குடியுரிமை உண்டென்று பொய் சொன்னதாகிவிடும். 1996இல் கடுமையாக்கப்பட்ட குடியேற்றச் சட்டப்படி அதற்காக நாடுகடத்தப்படலாம். பின்னாளில் கிரீன் கார்டும் குடியுரிமையும் கிடைக்காமலே போகலாம். தெரியாமல் செய்தேன் என்பது பெரும்பாலும் எடுபடாது. பொறுப்புள்ள வளாகங்களில் தொண்டர்கள் முதலில் கேட்கும் கேள்வியே நீங்கள் அமெரிக்கக் குடிமகனா என்பதுதான். கேட்காவிட்டால் மாணவர் தாமே முந்திக்கொண்டு இல்லை என்று சொல்லிவிட வேண்டும். இந்தியக் குடியுரிமையோடு வெளிநாட்டில் வாழ்பவர்கள் கடவுச்சீட்டிலுள்ள சொந்த ஊர் முகவரியில் படிவம் 6ஏ மூலம் இந்திய வாக்காளராகலாம். ஆனால் நேரில் வந்துதான் ஓட்டுப் போட முடியும்.

இந்தப் பணியில் பெரிய பலவீனம், அதைச் செய்பவர்கள் நிலைத்திருப்பதில்லை என்பது. இரண்டாமாண்டில் ஆர்வமாகத் தொடங்கும் மாணவர் நான்காமாண்டில் பட்டம் வாங்கிப் போய்விடுவார். அவர் சேகரித்த தொடர்புகளும், எந்த மாநிலத்துக்கு எந்தப் படிவம் என்ற அறிவும் அவரோடு போய்விடும். பதிவு விகிதம் தொடர்ந்து உயர்ந்துவரும் வளாகங்களில் நிரந்தரக் குழு ஒன்று இருக்கிறது. விடுதி அலுவலகம், நூலகம், துறைப் பேராசிரியர்கள், மாணவர் பேரவை, கவுன்ட்டித் தேர்தல் அலுவலகம் ஆகியவற்றிலிருந்து ஒவ்வொருவர் அதில் இருப்பார். தேர்தல் இல்லாத ஆண்டிலும் அது கூடும். தேர்தலே இல்லாத ஆண்டு என்று உண்மையில் எதுவும் இல்லை; நகர மன்றம், பள்ளி வாரியம், உட்கட்சித் தேர்தல் என்று ஏதாவது வந்துகொண்டே இருக்கும். டெக்சஸில் உட்கட்சித் தேர்தல் மார்ச் முதல் செவ்வாயன்று வருகிறது. அதற்குப் பதிவு பிப்ரவரித் தொடக்கத்திலேயே முடிந்துவிடுவதால், ஜனவரியில் வகுப்பு திறந்தவுடன் மேசையைப் போட்டாக வேண்டும்.